பழுதும் பாடமும்: பிரெஞ்சு மர இழைப்புப் பேழைகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பிக்கப் புகுவார் முதற்கண் அதன் நிலையை நோக்குவர். ஏடுகள் எத்துணை, முறிந்தன எவை, பூச்சியரித்த இடங்கள் யாவை, பிற்காலத்தார் கையெழுத்து எங்கெங்கே கலந்துள்ளது என்பனவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே பாடத்தை ஆராயத் தொடங்குவர். சுவடியின் பழுது சுவடியின் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பது தமிழாய்வுலகிற்குப் புதிதன்று. ஆயின் இந்நெறியைப் பழைய மரப்பொருள்களின்பால் நாம் செலுத்துவதில்லை. பழம்பேழையொன்று கைக்கு வருமாயின், அதனைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மெருகூட்டிப் புதியதாக்குதலையே பேணுதல் எனக் கொள்கின்றோம். அவ்வாறு செய்யுங்கால் அழிவது யாது என்பதனைப் பிரெஞ்சு மர இழைப்புப் பேழைகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரெஞ்சு நாட்டுப் பேழைக்கும் தமிழாய்விற்கும் என்ன இயைபு என்று வினவலாம். புதுச்சேரி 1674 முதல் பிரெஞ்சுக்காரரின் இருப்பிடமாய் விளங்கியது. அவர்தம் தொடர்பு அந்நகர எல்லைக்குள் அடங்கியதுமன்று. இன்றைய அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையும் அதனைச் சூழ்ந்த கிறித்தவ ஊர்களும், 1899ஆம் ஆண்டில் குடந்தை மறைமாவட்டம் தனியே அமையும் வரை, பாரிசு வெளிநாட்டு மறைபரப்புக் கழகத்துக் குருமார் நடத்திய புதுச்சேரி மறைமாநிலத்தைச் சார்ந்திருந்தன. அரசியலால் ஆங்கிலேயர் ஆட்சிக்கும், சமயத்தால் பிரெஞ்சுக் குருமார்க்கும் உட்பட்டிருந்த நிலப்பகுதி இது. ஆதலின் பிரெஞ்சுப் பொருட்பண்பாட்டின் சுவடுகளைத் தேடுவார் புதுச்சேரித் தெருக்களோடு நின்றுவிடலாகாது.

1. பெயரும் பொருளும்

பிரெஞ்சுமொழியில் ‘மார்க்கெத்ரி’ எனப்படும் கலை, பலநிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, அவற்றைப் பூவும் கொடியும் பறவையும் கட்டமுமாக வெட்டி, ஒன்றோடொன்று விளிம்பு பொருந்துமாறு அமைத்து, வேறொரு மரத்தாலாகிய உடலின்மேல் ஒட்டுவதாகும். மேலே காணப்படுவது ஒரு மரம்; உள்ளே தாங்கி நிற்பது பிறிதொரு மரம். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் இன்றியமையாதது. இக்கலையின் அழகும் நோயும் இதனினின்றே பிறக்கின்றன.

நம் நாட்டில் வேரூன்றிய முறை பெரும்பாலும் இதற்கு மாறானது. கெட்டியான மரத்தைக் குடைந்து, குழியில் தந்தத்தையோ வேறு மரத்தையோ அழுத்திப் பதிப்பது அது. விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் ஈட்டி மரத்தில் தந்தத்தைப் பதித்து, அதன்மேற் கீறிய கோடுகளிற் கறுப்பு அரக்கை நிரப்பினர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தத் தகட்டால் மரத்தைப் போர்த்தும் வழக்கமும் அங்கு வளர்ந்தது. மைசூரின் ஈட்டிமரப் பதிப்பு வேலையும், பலாமரத்தாற் செய்த தஞ்சை வீணையின் ஒப்பனையும் குடைந்து பதிக்கும் மரபைச் சேர்ந்தனவே.

இம்மரபின் தொன்மையைத் தமிழ்ச் சொற்களே காட்டும். குயிற்றுதல், அழுத்துதல், பதித்தல், இழைத்தல் என்பன மணியும் பொன்னும் தந்தமும் வேறொன்றிற் பொருந்தச் செய்தலைக் குறிக்கும் சொற்கள். நெடுநல்வாடை, யானைக் கோட்டாற் கடைந்து செதுக்கிய ‘பாண்டில்’ என்னும் வட்டக் கட்டிலை விரிவாக வண்ணிக்கின்றது. ‘இழைத்தல்’ என்னும் சொல் மேலும் கருதத்தக்கது. மணி பதித்தலையும், மரத்தைச் சீவி மழுமழுப்பாக்குதலையும், சந்தனம் முதலியன அரைத்தலையும் அது ஒருங்கே குறிக்கும். தச்சர் கையாளும் ‘இழைப்புளி’ என்னும் கருவிப் பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. மேற்பரப்பை உருவாக்குதலும் ஒப்பனை செய்தலும் ஒரே வினையாகத் தமிழர்க்குத் தோன்றின போலும். இவ்விரு பொருளும் இக்கலைக்கு வேண்டப்படுதலின், மார்க்கெத்ரி என்பதனை யாம் ‘மர இழைப்பு’ என இக்கட்டுரையில் வழங்குகின்றோம்.

2. பிரெஞ்சு நாட்டில் இக்கலை

இக்கலை பிரெஞ்சு நாட்டில் உயர்நிலை எய்தியது 17, 18ஆம் நூற்றாண்டுகளிலாகும். ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) என்பார் 14ஆம் லூயி மன்னரின் ஆதரவு பெற்று, 1672 முதல் இலூவர் அரண்மனையில் தொழிற்கூடம் நடத்தியவர். அவர் சிறப்பாகக் கையாண்டவை ஆமையோடும் பித்தளையும். இரண்டன் தகடுகளையும் ஒருங்கே அடுக்கி ஒரே வாளால் அறுப்பின், ஆமையோட்டில் பித்தளைப் பூவும், பித்தளையில் ஆமையோட்டுப் பூவுமாக இருவகைப் படிவங்கள் ஒருசேரக் கிடைக்கும். ஒன்றன் எச்சம் பிறிதொன்றன் நிரப்பாயிற்று.

அடுத்த தலைமுறையில் மரங்களே பூவேலைக்கு முதன்மை பெற்றன. 15ஆம் லூயி மன்னர்க்கென 1760இல் ழான் பிரான்சுவா ஒபென் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ழான் ஆன்ரி ரீசனேர் 1769இல் முடித்த எழுதுமேசை இவ்வகையில் தலைசிறந்தது. தொழில் நுணுக்கங்களை ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ என்னும் தச்சர் 1769 முதல் 1775 வரை வெளிவந்த தம் பெருநூலிற் பதிவு செய்துள்ளார். சூடான மணலில் மரத்துண்டின் ஓரத்தைச் செருகிக் கருகச் செய்து நிழல்தோற்றுவித்தலும், வெளிர்மரங்களுக்குச் சாயமேற்றுதலும் அக்காலத்து வழக்கங்கள்.

பாரிசுத் தச்சர் சங்கத்தின் விதி ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1743இல் இயற்றப்பெற்று 1751இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சங்கத் தலைமைத் தச்சர் தாம் செய்த பொருளில் தம் பெயர் முத்திரையைப் பொறித்தல் வேண்டும். அரச தொழிற்கூடங்களிற் பணிபுரிந்தார் இதற்கு விலக்கு. 1791இல் சங்கங்கள் ஒழிக்கப்பட்டபோது இக்கட்டாயமும் ஒழிந்தது. எனவே 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சருட் பலருடைய பெயர்களை நாம் இன்று அறிகின்றோம். நம் தச்சர் நிலை இதனின் வேறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

புரட்சிக்குப்பின் 1793, 1794ஆம் ஆண்டுகளில் வெர்சாய் அரண்மனைப் பொருள்கள் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலத்தில் விற்கப்பட்டுப் பல நாடுகட்கும் சிதறின. 19ஆம் நூற்றாண்டில் பழைய பாணிகளைப் பின்பற்றிப் படிகள் செய்யும் தொழில் பாரிசில் தழைத்தது. இந்தியச் செல்வர் பிற்காலத்தில் வாங்கிச் சேர்த்த பிரெஞ்சுப் பேழைகளை ஆராயுங்கால் இவ்விரு நிகழ்ச்சிகளையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஐதராபாத்தில் 1951இல் திறக்கப்பெற்ற சாலார் சங் அருங்காட்சியகத்துப் பிரெஞ்சுத் தட்டுமுட்டுகள் இத்தகைய தனியார் தொகுப்பின் வழிவந்தனவே.

3. கீழ்க்கடற் பொருள்கள்

இப்பேழைகளின் மூலப்பொருள்களை நோக்கின், நம் கடற்கரையொடு அவற்றிற்குள்ள உறவு புலனாகும். நுண்தச்சரைக் குறிக்கும் ‘எபெனிஸ்த்’ என்னும் பிரெஞ்சுச் சொல், ‘எபேன்’ எனப்படும் கருங்காலியினின்று பிறந்தது. அம்மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாய் வளர்வது. பூல் கையாண்ட ஆமையோட்டினைத் தருவது நம்மவர் அழுங்காமை என வழங்கும் கடலாமை. தமிழகக் கரையோரத் தீவுகளின் ஆமையோடு ஏற்றுமதியானதனைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கநூலாகிய ‘எரித்திரையக் கடற் பெரிப்ளுஸ்’ குறிப்பிடுகின்றது. மரத்திற்கு நீலமேற்றப் பயன்பட்டது, கந்தகத் திராவகத்திற் கரைத்த அவுரி. 19ஆம் நூற்றாண்டில் பரவிய ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்னும் மெருகிற்கு அடிப்படை, இந்தியக் காடுகள் தந்த அரக்கு.

ஒரு மயக்கத்தையும் இங்கு நீக்குதல் நன்று. பிரெஞ்சுக்காரர் ‘புவா த ரோஸ்’ என வழங்குவது பிரேசில் நாட்டு மரம். நம் நாட்டில் ‘ரோஸ்வுட்’ எனப்படும் ஈட்டி அல்லது தோதகத்தி வேறு. இரண்டும் ஓரினத்தைச் சார்ந்தனவாயினும் நிறத்தாலும் வரியாலும் வேறுபட்டவை. முன்னது செம்மஞ்சள் வரியுடையது; பின்னது கருஞ்சிவப்பு. பட்டியல் எழுதுவார் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளின், பேழையின் பிறப்பிடமே மாறிவிடும்.

4. புதுச்சேரியில்

ஆனந்தரங்கப்பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பு, துய்ப்ளே காலத்துப் புதுச்சேரியின் அரசியலையும் வாணிகத்தையும் விழாக்களையும் அறிதற்குப் பெருந்துணை. அவர் மறைந்த 1761ஆம் ஆண்டு சனவரித் திங்களிலேயே நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் ஆளுநர் மாளிகையும் தரைமட்டமாக்கப்பட்டன. 1765இல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் நகரைப் பெற்றுக் கட்டினர். 1778, 1793, 1803ஆம் ஆண்டுகளில் நகரம் மீண்டும் மீண்டும் கைமாறி, 1816இல் முடிவாகப் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. இத்துணை அழிவுகளிடையே, 18ஆம் நூற்றாண்டு முற்பகுதியின் மரப்பொருள்கள் தம் இருப்பிடத்தில் நிலைத்திருத்தல் அரிது. அக்காலத்தன எனக் கூறப்படுவனவற்றை ஆராயாது ஏற்றல் இயலாது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் துய்ப்ளே பயன்படுத்தியதாகக் கூறப்படும் கட்டில் ஒன்று உண்டு. இத்தகைய செவிவழிச் செய்திகளை நிறுவவோ மறுக்கவோ வல்லது அப்பொருளின் உடலேயன்றிப் பிறிதில்லை.

புதுச்சேரியிற் பெரிதும் வழங்கியவை, பிரெஞ்சு வடிவங்களைத் தழுவி உள்நாட்டுத் தச்சர் தேக்கிலும் ஈட்டியிலும் செய்தவையாகும். இவற்றுள் வளைந்த கால்களும் செதுக்குவேலையும் லூயி மன்னர் காலப் பாணியை நினைவூட்டும். ஆயின் மேலே ஒட்டுத்தகடு இராது, முழுமரத்தையே செதுக்கியிருப்பர். இருக்கைகளில் பஞ்சு மெத்தைக்கு மாறாகப் பிரம்பு பின்னியிருப்பர். இதனை அறியாமையால் வந்த குறை எனல் பொருந்தாது. இந்நாட்டு வெப்பமும் ஈரமும் ஒட்டுவேலையை என் செய்யும் என அறிந்த தொழிலறிவு அதன்கண் உளது என யாம் கருதுகின்றோம்.

5. காலநிலையும் பழுதும்

மரம் ஈரத்தை உண்டு பருக்கும், உலர்ந்து சுருங்கும். இவ்வசைவு வரியின் குறுக்கே மிகுதி. வரியின் நீளத்தில் மிகக் குறைவு. மர இழைப்பில் உள்மரத்தின் வரி ஒரு திசையிலும், மேற்றகடுகளின் வரிகள் பல திசைகளிலும் செல்லும். உள்மரம் சுருங்க, மேற்றகடு சுருங்காது நின்று, ஒன்றையொன்று இழுக்கும். இதன் பயனாகத் தகடு வெடிக்கும். அல்லது பசைவிட்டு எழும்பிக் குமிழாகும். பூலின் பாணியில் இத்துன்பம் மிகும். பித்தளை ஈரத்தால் அசையாது, வெப்பத்தால் அசையும். மரமோ ஈரத்தால் அசைவது. ஆகவே பித்தளைக் கொடியின் நுனிகள் முதலில் எழும்பி நிற்கும்.

ஒட்டப் பயன்பட்ட பசை விலங்குத் தோல், எலும்பு முதலியவற்றைக் காய்ச்சி எடுத்தது. நம் தச்சர் அதனை வச்சிரம் என்பர். வெந்நீரும் வெப்பமும் அதனை இளக்கும். நெடுநாள் ஈரத்தில் அது பூஞ்சணம் பிடித்து வலியிழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், சித்திரை, வைகாசிக் கோடையின் வெம்மையும் மாறிமாறித் தாக்குங்கால் பசையின் பிடி ஆண்டுதோறும் தளரும். கடற்காற்றின் ஈரத்திலேயே இருந்து பழகிய பேழை, வரதராஜன்பேட்டை போன்ற உள்நாட்டு ஊர்க்குக் கோடையிற் கொண்டுசெல்லப்படின், சில திங்களில் வெடிப்புக் காணும். குளிரூட்டிய அறையில் இரவும், புழுக்கத்திற் பகலுமாக வைப்பது அதனினும் தீது.

பூச்சியின் கேடு தனித்தது. பிரெஞ்சுப் பேழையின் உள்ளுடல் ஓக் அல்லது பைன் மரத்தாலாயது. கரையானும் உளுவும் பைன் மரத்தையும் ஓக் மரத்தின் வெளிறையும் விரும்பியுண்ணும். மேலே பூங்கொடி சிதையாதிருப்ப, உள்ளே மரம் மாவாகிவிடுதல் உண்டு. முந்திரி விளையும் ஊர்களில் முந்திரி ஓட்டெண்ணெயை உத்தரங்களுக்கும் படகுகளுக்கும் பூசிப் பூச்சியைத் தடுக்கும் பழக்கம் உண்டு. அது கட்டடமரத்திற்கு நன்று. இழைப்புப் பேழைக்கு ஆகாது. கருமை ஏறிப் பூவேலையின் நிறவேறுபாட்டை முற்றும் மறைத்துவிடும்.

ஒளியின் கேடு நால்வகையினும் மெல்லியது, ஆயினும் மீளாதது. சாயமேற்றிய பச்சையும் நீலமும் வெளுத்துப் பழுப்பாகும். ஊதாநிற அமரந்த் மரம் கபிலமாகும். இன்று தேன்நிறமாய்த் தோன்றும் பேழைகள் செய்த காலத்தில் வண்ண ஓவியம்போல் இருந்தன. இழுப்பறையின் உட்புறத்திலும் பித்தளை அணிகளின் அடியிலும் அப்பழைய நிறம் சில இடங்களில் எஞ்சியிருக்கும்.

6. பழுது கூறும் சான்று

மேற்கூறிய பழுதுகள் ஒவ்வொன்றும் ஆராய்வார்க்குச் சான்றாதலை இனிக் காண்போம்.

முதலாவது, தகட்டின் கனம். 18ஆம் நூற்றாண்டில் கைவாளால் அறுத்த தகடு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பொறியால் சீவிய தகடு அதனினும் மெல்லியது. தகடு பெயர்ந்த விளிம்பிலேயே இக்கனத்தை அளந்தறிய இயலும். பெயர்ந்த இடத்தைச் சாந்திட்டு அடைத்துவிடின் அளத்தற்கு இடமில்லை.

இரண்டாவது, வாளின் தழும்பு. கைவாள் நேர்கோடுகளை விடும். வட்டவாள் வில்போன்ற கோடுகளை விடும். பேழையின் பின்பலகையிலும் அடிப்பலகையிலும் இத்தழும்புகள் காணப்படும். அப்பலகைகளையும் இழைத்து மழுக்குவார் காலக்கணக்கைத் துடைத்தெறிகின்றனர்.

மூன்றாவது, மேற்பூச்சு. அரக்கு மெருகு 19ஆம் நூற்றாண்டினது. 18ஆம் நூற்றாண்டுப் பேழையில் அது காணப்படின், பின்னொருவர் கைபட்டது என்பது தெளிவு. அம்மெருகின் அடியில் முதற்பூச்சு எஞ்சியிருத்தலும் கூடும். இரண்டையும் ஒருங்கே சுரண்டுவார்க்கு இரண்டும் இல்லையாகும்.

நான்காவதும் எம் கருத்தில் தலையாயதும், பழைய செப்பனிடுகையாகும். பிரேசில் மரம் பெயர்ந்த குழியில் தோதகத்தித் துண்டொன்று பொருத்தப்பட்டிருக்கலாம். உளுத்த பைன் பலகைக்கு மாறாகத் தேக்குப் பலகை இடப்பட்டிருக்கலாம். இரும்பாணி கழன்ற துளையில் மூங்கிலாணி அடிக்கப்பட்டிருக்கலாம். இவ்வாறு காணப்படின், அப்பேழை இந்நாட்டில் ஒரு தச்சர் கையிற் பழுதுநீங்கியது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா. பாரிசுத் தச்சர் பெயர் முத்திரையில் வாழ்கின்றது. நம் தச்சர்க்கு முத்திரை பொறிக்கும் விதியும் இருந்ததில்லை. அவர் பெயரைக் குறித்தாரும் அரியர். அயல்நாட்டார் கைவேலையை ஆய்ந்துணர்ந்து, தம்பால் உள்ள மரத்தால் அதனை நிறைவாக்கிய அவர்தம் அறிவு, அத்தோதகத்தித் துண்டிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. பழமை விரும்புவார் அத்துண்டினை ‘பொருந்தாத ஒட்டு’ எனப் பெயர்த்தெறிந்து, பிரெஞ்சு மரத்தை வருவித்து நிரப்புவராயின், பேழை பிரெஞ்சுத்தன்மை பெறும். தமிழ்த் தச்சர் வரலாற்றின் ஓரேடு தொலையும்.

7. செப்பமும் திருத்தமும்

இந்நிலையிற் கொள்ளத்தக்க நெறியை நம் பதிப்பு மரபே காட்டுகின்றது. அரியலூரிலும் குன்னத்திலும் இளமையில் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. அவ்வெண்களுக்குரிய இடம் இன்றளவும் வெற்றிடமாகவே உள்ளது. பிற பாடல்களிற் சிதைந்த அடிகளும் புள்ளியிட்டே காட்டப்பெற்றன. சங்கச் செய்யுள் நடையில் இரு பாடல் புனைந்து நிரப்பவல்ல புலவர் அக்காலத்து இல்லாமலில்லை. நிரப்பாது விட்டமையே நூலின் மெய்ம்மையைக் காத்தது.

பேழைக்கும் இஃதொக்கும். ஆயின் ஒரு வேறுபாடுண்டு. சுவடியின் வெற்றிடம் மேலும் வளராது. பேழையில் எழும்பிய தகட்டை அவ்வாறே விடின், ஆடைபட்டும் துடைப்பம்பட்டும் அது முறிந்து வீழும். ஆகவே முற்றிலும் தொடாதிருத்தலும் தவறு. தொடுதற்கு மூன்று நெறிகளை யாம் கூறுவோம். எழும்பிய தகட்டை அதே வகை வச்சிரப் பசையால் மீள ஒட்டுதல் ஒன்று. அப்பசையைப் பின்வருவார் வெந்நீரால் இளக்கித் தம் கருத்தின்படி மாற்ற இயலும். இக்காலச் செயற்கைப் பசைகள் பலவற்றை அவ்வாறு நீக்கல் அரிது. புதிதாக இட்டது புதியதென அறியுமாறு உட்புறத்தே நாளும் செய்கையும் குறித்து வைத்தல் இரண்டாவது. வீழ்ந்த துண்டுகளையும் கழற்றிய ஆணிகளையும் எறியாது உறையிலிட்டுப் பேழையொடு வைத்தல் மூன்றாவது. ஆமையோட்டு வேலையில் புதிய ஓட்டினைத் தேடுதல் கூடாது. அழுங்காமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவது.

முடிவுரை

பழைய வீடுகள் இடிபடுங்கால் அவற்றின் கதவும் தூணும் கட்டிலும் பேழையும் வணிகர் கைக்குச் செல்கின்றன. வணிகர் முதற்கண் செய்வது மெருகூட்டுதல். வாங்குவார் விரும்புவதும் அதுவே. ஒவ்வொரு மெருகிலும் ஓர் ஏடு அழிகின்றது. இதனைத் தடுத்தல் எளிதன்று. ஆயின் அழியுமுன் எழுதிக்கொள்ளுதல் நம்மால் இயல்வது.

பட்டமேற்படிப்பு மாணவர், புதுச்சேரியிலும் குடந்தை மறைமாவட்டத்துப் பழைய ஊர்களிலும் எஞ்சியுள்ள மரப்பொருள்களை, உரிமையாளர் இசைவு பெற்று, சுவடி விளக்கம் எழுதும் முறையிலேயே விளக்கி எழுதுதல் வேண்டும். மரம் யாது, தகட்டின் கனம் எவ்வளவு, பசை யாது, முத்திரை உண்டா, பழுது எங்கே, செப்பனிட்டது எம்மரத்தால், அத்துண்டை இட்ட தச்சர் குடும்பத்தைப் பற்றி வீட்டார் கூறுவது யாது என ஒவ்வொன்றும் குறிக்கப்படல் வேண்டும். இத்தொழிலின் சொற்களை அறிந்த முதிய தச்சர் இன்னும் சிலர் உளர். அவர் வாய்ச்சொற்களையும் உடன் தொகுப்பின், அகராதிக்கும் அஃது ஆக்கமாகும். இப்பணி மேற்கொள்ளப்படுமாயின், பிரெஞ்சு அரசர் பெயராற் போற்றப்படும் பேழைகளினுள்ளே பெயர் மறைந்து கிடக்கும் நம் தச்சரின் கைத்திறம் ஓரளவேனும் வெளிப்படும்.